தாய் சொல்லும் மகள் செயலும்: திருவாய்மொழியின் தாய், தோழிப் பதிகங்கள் வழி அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் தன்னுரிமையை நோக்கல்

ஆய்வுச் சுருக்கம்

அறிவுசார் குறைபாடுடைய இளம்பெண் ஒருத்தி பிறந்த வீட்டை விட்டுத் தன் விருப்பப்படி வாழ முற்படும்போது, அவ்விருப்பத்தை அவளுடையதாக ஏற்பதா, அறியாமை எனத் தள்ளுவதா என்னும் வினா இன்று சட்டத்தின் முன்னும் குடும்பத்தின் முன்னும் நிற்கிறது. ‘மகள் ஒன்றும் அறியாள்’ என்று தாய் கூறுவதும், மகள் வீட்டை நீங்குவதும், தோழி இடைநின்று மகளின் உள்ளத்தை உரைப்பதும் தமிழ் அக மரபுக்குப் புதியன அல்ல. ஆழ்வார்திருநகரி எனப்படும் திருக்குருகூரைச் சூழ்ந்த தலங்களை ஒட்டி நம்மாழ்வார் பாடிய தாய், தோழிப் பதிகங்களையும் சங்க இலக்கியத்தின் உடன்போக்குப் பாடல்கள் சிலவற்றையும் இக்கட்டுரை அந்நோக்கில் வாசிக்கிறது. காப்பவரின் கூற்றைப் பாட்டின் முடிந்த உண்மையாகக் கொள்ளாத ஒரு நெறி அம்மரபில் இருந்தது என்பதும், அறிவுத்திறன் குறைந்தோரைச் சித்திரித்த தற்காலத் தமிழ்த் திரைப்படங்கள் அந்நெறியைக் கைவிட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திருவாய்மொழி, தாய்ப்பாசுரம், உடன்போக்கு, அறத்தொடு நிற்றல், அறிவுசார் குறைபாடு, காப்பாண்மை, துணையுடன் முடிவெடுத்தல்.

1. முன்னுரை

பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்பது பொதுவிதி. அறிவுசார் குறைபாடுடையோருக்கு இவ்விதி நடைமுறையில் நெடுங்காலம் பொருந்தவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கு, அவர்கள் வயதுவந்த பின்னரும், காப்பாளரை அமர்த்த வழிசெய்தது. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்க, மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை அமர்த்தும். பெற்றோருக்குப் பின் பிள்ளையின் நிலை என்ன என்ற அச்சத்திற்கு விடையாக வந்த சட்டம் இது. அவ்வச்சத்தின் மெய்ம்மையை யாரும் மறுக்க இயலாது.

2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 12ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகள் அனைவரும் சட்டத்தின் முன் பிறருக்கு நிகரான தகுதி உடையோர் என்கிறது. 19ஆம் உறுப்பு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கூறுகிறது. இதனை ஒட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், வரையறுக்கப்பட்ட காப்பாண்மை என்னும் கருத்தைக் கொண்டுவந்தது. காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் ஒருவரையொருவர் புரிந்து, நம்பி, கூடி எடுக்கும் முடிவே காப்பாண்மை. அது குறித்த காலத்திற்கும் குறித்த முடிவிற்கும் மட்டும் உரியது. அவருடைய விருப்பத்தின்படி இயங்க வேண்டியது என்று அப்பிரிவு விளக்குகிறது. மிகுதியான உதவி வேண்டுவோருக்கு முழு ஆதரவு வழங்கவும் அது இடம் தருகிறது.

ஆக, ‘இவள் அறியாள், ஆகவே இவளுக்காக நான் முடிவு செய்வேன்’ என்ற கூற்று ஒருபுறமும், ‘இவள் விரும்புவது என்ன என்பதை அறிந்து அதற்குத் துணைநிற்பேன்’ என்ற கூற்று மறுபுறமும் நிற்கின்றன. முதற்கூற்று தமிழ் இலக்கியத்தில் தாய்க்கும் செவிலிக்கும் உரியது. இரண்டாவது தோழிக்கு உரியது. இவ்வொப்புமை மேலோட்டமானதா, வாசிப்புக்குப் பயன்படும் ஆழம் உடையதா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஓர் எல்லையை முதலிலேயே குறித்தல் வேண்டும். சங்கப் பாடல்களின் தலைவியோ, வைணவ மரபு பராங்குச நாயகி என அழைக்கும் திருவாய்மொழித் தலைவியோ அறிவுசார் குறைபாடுடைய பெண் அல்லள். முன்னவள் காதலின் மாந்தர். பின்னவள் இறைவனை விழையும் உயிரின் குறியீடு. இன்றைய மருத்துவப் பெயரை அவர்கள்மேல் ஏற்றுவது காலமுரண். இங்கு ஒப்பிடப்படுவது கூற்றின் அமைப்பு மட்டுமே: ஒரு பெண்ணின் அறிவைப் பற்றிப் பிறர் பேசும் முறையும், அப்பேச்சிற்குப் பாட்டு தரும் இடமும்.

2. மடமும் பேதைமையும்

பேதை என்னும் சொல் அறிவற்றவரையும் குறிக்கும், பாட்டியல் நூல்கள் வகுக்கும் பெண்ணின் ஏழு பருவங்களுள் முதலாவதையும் குறிக்கும். சிறுமி என்ற வயதும் அறிவின்மை என்ற நிலையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயலன்று. வளர்ந்த பின்னும் ஒரு பெண்ணைப் பேதை என்று விளிக்கலாம். அவ்விளியில் அன்பும் உண்டு, அவள் சொல்லைக் கணக்கில் கொள்ளாமையும் உண்டு.

தொல்காப்பியக் களவியல் அச்சம், நாண், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கு உரியனவாகக் கூறுகிறது. மடம் என்பதற்குக் கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று உரைமரபு நயமாகப் பொருள் கூறும். பிறர் அறிவுறுத்தியதை ஏற்று அதை விடாது பற்றியிருத்தல் ஒரு பெண்ணின் பண்பாகப் போற்றப்பட்டது என்பது இதன் பொருள். தானாக அறிதலும் தானாகத் துணிதலும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இதிலிருந்து ஒரு முரண் எழுகிறது. அறியாமை போன்ற தோற்றம் எல்லாப் பெண்களுக்கும் அணியாகச் சொல்லப்பட்டது; உண்மையில் அறிவுத்திறன் குறைந்து பிறந்த பெண்ணோ குடும்பத்தின் பெருந்துயராகக் கருதப்பட்டாள். இரு நிலைக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: இருவருக்காகவும் முடிவெடுப்பவர் பிறர். எனவே அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் தன்னுரிமை பற்றிய வினா மருத்துவ வினா மட்டுமன்று. பெண்ணின் அறிவைப் பற்றித் தமிழ் மரபு கொண்டிருந்த எண்ணத்தின் தொடர்ச்சியும் அதில் உண்டு.

3. தொலைவில்லிமங்கலத்திலிருந்து திருக்கோளூர் வரை

திருவாய்மொழியில் பெண் கூற்றாக அமைந்த பதிகங்களை இருபத்தேழு என்று மரபு கணக்கிடும். அவற்றுள் மகள் கூற்று பதினேழு, தாய் கூற்று ஏழு, தோழி கூற்று மூன்று. ஆறாம் பத்தில் ஐந்து, ஆறு, ஏழாம் பதிகங்கள் அடுத்தடுத்துத் தோழி, தாய், தாய் என அமைகின்றன. ஐந்தாம் பதிகம் பாடும் தொலைவில்லிமங்கலம், ஏழாம் பதிகம் பாடும் திருக்கோளூர் ஆகிய இரண்டும் தாமிரவருணிக் கரையின் நவதிருப்பதிகளுள் அடங்குபவை. குருகூரிலிருந்து நடந்தே செல்லக்கூடியவை. இம்மூன்று பதிகங்களையும் ஒரு தொடர்நிகழ்ச்சியாக வாசிக்க இடமுண்டு.

ஐந்தாம் பதிகத்தில் தோழி அன்னையரை நோக்கிப் பேசுகிறாள். தொலைவில்லிமங்கலத்தைத் தொழும் இப்பெண்மீது நீங்கள் வைத்த ஆசையை இனி விட்டுவிடுங்கள் என்பது அவள் கூற்றின் சாரம். அத்தலத்திற்கு அவளை அழைத்துச் சென்று காட்டியவர்களே நீங்கள்தாமே என்றும் அவள் சுட்டுகிறாள். உலகை மகளுக்கு அறிமுகம் செய்தவர்கள், அவ்வுலகை அவள் விரும்பத் தொடங்கியதும் தடுக்க நினைப்பதில் உள்ள முரணைத் தோழி வெளிப்படையாக எடுத்துரைக்கிறாள். பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக்கும் மகளை அனுப்பிய பெற்றோர், அங்கே அவள் தேடிக்கொண்ட நட்பையும் ஊதியத்தையும் கண்டு அஞ்சும் நிலை இன்றைய வாசகருக்கு நினைவில் எழுவது இயல்பே.

ஆறாம் பதிகத்தில் தாய், மகள் இழந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகிறாள். வளை, நிறம், அழகு என இழப்புகள் பட்டியலாக நீள்கின்றன. பதிகம் முழுவதும் மகளுக்கு இல்லாதவற்றால் அவளை அறியச் செய்கிறது. அவள் பெற்றது என்ன, நாடுவது என்ன என்பது இப்பட்டியலின் இடைவெளிகளிலிருந்தே உணரப்பட வேண்டியிருக்கிறது. குறைகளின் தொகுப்பாக ஒருவரை அறிமுகம் செய்யும் இம்முறை மருத்துவச் சான்றிதழ்களுக்கும் பொதுவானது.

ஏழாம் பதிகத்தில் மகள் வீட்டில் இல்லை; திருக்கோளூருக்குத் தனியே சென்றுவிட்டாள். தாய் பேசுகிறாள். இப்பதிகத்தில் மகளைத் தாய் குறிப்பிடும் பெயர்களையும், மகளுக்கு உரியனவாக வரும் வினைகளையும் தனித்தனியே பிரித்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். பெயர்கள் இளமான், பாவை, சிறுதேவி, கொடி, மெல்லிடையாள் என மென்மையும் இளமையும் சுட்டுகின்றன. வினைகளோ துணிவைச் சுட்டுகின்றன: செல்ல விரும்பித் துணிந்தாள், நடந்தாள், எம்மை நீத்தாள், எம்மைச் சிறிதும் நினைத்திலள், குடிக்கு வரும் பழியையும் எண்ணவில்லை, தான் பற்றியதைத் தினையளவும் விடாள். பெயர்களைத் தருபவள் தாய், வினைகள் மகளுடையவை. தாயின் வாயிலிருந்தே இரண்டும் வருகின்றன என்பதுதான் பாட்டின் நுட்பம். தான் சூட்டிய பெயருக்கு மகளின் செயல் பொருந்தவில்லை என்பதைத் தாயே அறியாமல் சான்றுரைக்கிறாள்.

இரண்டாவது ஒன்றும் கருதத்தக்கது. மகள் எங்கே சென்றாள் என்பதில் தாய்க்கு ஐயமே இல்லை. அவள் புகும் ஊர் திருக்கோளூர் என்பது உறுதி என்று முதற்பாசுரத்திலேயே கூறிவிடுகிறாள். யாரும் வந்து சொல்லாமலே தாய்க்கு இது தெரிந்திருக்கிறது. அப்படியாயின் மகளின் விருப்பம் மறைவானதாகவோ குழப்பமானதாகவோ இருந்ததில்லை. உண்பதிலும் பேசுவதிலும் விளையாட்டைத் துறந்ததிலும் அவள் அதைப் பலகாலம் வெளிப்படுத்தியே வந்தாள். வீட்டார் அதைக் கேட்டிருக்கிறார்கள், விருப்பம் என்று மட்டும் ஏற்கவில்லை. அறிவுசார் குறைபாடுடையோர் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாதவர் என்ற பொதுக்கருத்தை இப்பாசுரம் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. சொல்லால் அன்றி நடத்தையால், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வெளிப்படும் விருப்பமும் விருப்பமே.

மூன்றாவது, தாயின் அச்சம் எதைப் பற்றியது என்பதும் பதிகத்துள் மாறிக்கொண்டே செல்கிறது. மெல்ல மெல்ல ஒசிந்து நடந்து எவ்வாறு ஊர் புகுவாளோ என்பது மகளைப் பற்றிய கவலை. அயலார் இவளை வரம்பு மீறியவள் என்பார்களோ, குணம் மிக்கவள் என்பார்களோ என்பது ஊரைப் பற்றிய கவலை. இன்று எனக்கு உதவாது அகன்றாளே என்பது தாய் தன்னைப் பற்றிக் கொள்ளும் துயரம். இம்மூன்றும் காக்கும் அன்பு என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. பாட்டு இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் தாயை இகழவில்லை. இடையில், திருக்கோளூரின் பொழிலையும் தடாகத்தையும் கோயிலையும் கண்டு அவள் உள்ளம் குளிர்ந்து இன்று எவ்வளவு மகிழ்வாளோ என்றும் தாய் எண்ணிப் பார்க்கிறாள். மகளின் மகிழ்ச்சி தன் வீட்டிற்கு வெளியே இருக்கக்கூடும் என்பதைத் தாய் ஒரு கணம் காணும் அந்தப் பாசுரமே பதிகத்தின் உயிர்நிலை.

4. மகளே பேசும் இடங்கள்

ஐங்குறுநூற்றின் பாலைப்பகுதியில் மகள் உடன்போகத் தாய் இரங்கும் பத்துப் பாடல்களும், அவற்றை அடுத்து உடன்போக்கின்போது இடைச்சுரத்தில் உரைக்கப்படும் பத்துப் பாடல்களும் உள்ளன. தாயின் இரக்கத்தைத் தொடர்ந்து வழியில் செல்லும் மகளின் குரலைத் தொகுப்பு முறை நம்மைக் கேட்கச் செய்கிறது. 384ஆம் பாடலில் தலைவி, எதிரே வரும் அந்தணரிடம், தான் அரிய வழியைக் கடந்துவிட்டாள் என்ற செய்தியைத் தன் தோழியர் கூட்டத்திற்குச் சொல்லுமாறு வேண்டுகிறாள். 385இல் அதே செய்தி தாய்க்கு அனுப்பப்படுகிறது. அங்கே தாய் அறம் இல்லாதவள் என்று சுட்டப்படுகிறாள். வளர்த்தவள் என்ற நன்றியும், தன்னை இழக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவள் என்ற குற்றச்சாட்டும் ஒருங்கே வருகின்றன. பிரிந்து செல்பவள் உறவை முற்றாக அறுத்துக்கொள்ளவில்லை. தான் நலமாகக் கடந்தாள் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறாள்.

நற்றிணை 110ஆம் பாடல், போதனார் பாடியது, இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பொற்கலத்துப் பாலை உண்ண மறுத்துப் பந்தரில் ஓடிய சிறுமி, முதிய செவிலியர் பின்தொடர இயலாமல் தளரச் செய்தவள், இன்று வறுமையுற்ற கணவன் இல்லத்தில் தந்தையின் செல்வத்தை நினையாமல், பொழுது மறுத்து உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் தரப்பு வியக்கிறது. அவ்வினாவுக்குப் பாட்டு விடை கூறவில்லை. பிறந்த வீட்டில் அவள் அதைக் கற்கவில்லை என்பது மட்டும் தெளிவு. அங்கே ஊட்டுவதற்கு ஆள் இருந்தது. தானே உண்ணக் கற்பதற்கு இடம் இல்லை. திறமை வந்த பிறகே தனிவாழ்வு என்னும் வரிசையை இப்பாடல் தலைகீழாக்குகிறது. அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் தனிவாழ்வைப் பற்றிய விவாதங்களில் ‘அவளுக்குச் சமைக்கத் தெரியாது, பணம் எண்ணத் தெரியாது’ என்பன முதற்காரணங்களாக வருகின்றன. கற்க வேண்டிய தேவை எழாத இடத்தில் கல்லாமை எதற்கும் சான்றாகாது என்பதை நற்றிணை உணர்த்துகிறது. இப்பாடலின் பெண் வறுமையில் வாழ்கிறாள் என்பதையும் மறத்தலாகாது. அவளது அறிவை வியக்கும் கூற்று அவள் பசியையும் அழகாக்கிவிடுகிறது.

5. தோழி: அறத்தொடு நிற்றல்

அகமரபில் தோழி தலைவியின் உள்ளத்தை அறிந்து, அதைத் தாய் ஏற்கும் மொழியில் எடுத்துரைப்பவள். இச்செயலை அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் கூறும். தொல்காப்பியம் இதனை எழுவகைப்படுத்துகிறது. தலைவிக்கு எது நல்லது என்று தோழி தன் கருத்தை உரைப்பது அறத்தொடு நிற்றல் ஆகாது. தலைவி எதில் நிற்கிறாளோ அதனை வெளிப்படுத்துவதே அது. இதற்கு அறம் என்று பெயரிட்டது குறிப்பிடத்தக்கது.

திருவாய்மொழி நான்காம் பத்தின் நான்காம் பதிகத்தில் தாய், மகளின் நடத்தையைப் பித்து என்றே காண்கிறாள். மண்ணைத் துழாவி இது வாமனன் மண் என்கிறாள், விண்ணைத் தொழுகிறாள், நெருப்பைத் தழுவுகிறாள் எனச் செயல்களை அடுக்கி, நான் என்ன செய்வேன் என்று ஏங்குகிறாள். ஆறாம் பதிகத்தில் தோழி குறுக்கிடுகிறாள்: வெறியாட்டும் கள்ளும் இறைச்சியும் கொண்டு செய்யும் மருத்துவம் பொருந்தாது, இவள் நோயின் காரணம் வேறு. தாய் காண்பது அறிகுறி. தோழி காண்பது பொருள். ஒரே நடத்தை யார் நோக்குகிறார் என்பதைப் பொறுத்துப் பித்தாகவும் மொழியாகவும் ஆகிறது.

குருகூரின் தல மரபும் இதற்கு அரண் செய்கிறது. நம்மாழ்வார் பிறந்தது முதல் பேசாமலும் பிற குழந்தைகளைப்போல் இயங்காமலும் இருந்தார் என்றும், பெற்றோர் அவரைக் கோயில் புளியமரத்தடியில் விட்டனர் என்றும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் திருக்கோளூரில் பிறந்த மதுரகவிகள் வந்து உயிரையும் உடலையும் பற்றிய ஒரு புதிர்வினாவைக் கேட்க அவர் விடை பகர்ந்தார் என்றும் மரபு கூறும். அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேசப்பெற்றார் என்ற வரலாற்றில் குறை அருளால் நீங்குகிறது. நம்மாழ்வார் வரலாற்றிலோ நீங்க வேண்டிய குறை எதுவும் காட்டப்படவில்லை. தகுந்த வினா இல்லாமையே மௌனத்தின் காரணம். பேசாதவரிடம் பேச வந்தவர் தம் வினாவைச் செம்மை செய்துகொள்ள வேண்டும் என்ற பொருளை இதிலிருந்து பெறலாம். ஆயினும் புராணம் காட்டுவது அவதாரத்தை. விடையாக ஞானம் எதையும் தராத, தேநீர் வேண்டும் அல்லது வேலைக்குச் செல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒருவருக்கும் அதே மதிப்பு உரியது என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

துணையுடன் முடிவெடுத்தல் என்று இன்றைய சட்டவியல் கூறுவது இத்தகைய செயலையே. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவான ஜென்னி ஹாட்ச் வழக்கு இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. டவுன் நோய்த்தொகுதி உடைய, இருபத்தொன்பது வயதான அப்பெண்மீது காப்பாண்மை வேண்டி அவருடைய தாயும் மாற்றாந்தந்தையும் நீதிமன்றம் சென்றனர். தாம் பணிபுரிந்த கடையின் உரிமையாளரான நண்பர்களுடன் வாழவே அவர் விரும்பினார். நீதிமன்றம் அவர் விருப்பத்தைக் கருதி அந்நண்பர்களை ஓராண்டுக்கு மட்டும் காப்பாளராக அமர்த்தி, அக்காலத்தில் அவர் துணையுடன் தாமே முடிவெடுக்கும் நிலைக்கு வர உதவுமாறு பணித்தது. தோழியின் இடத்தில் நண்பர்கள் நின்றனர். காப்பாண்மை தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் வகையில் வகுக்கப்பட்டது என்பதே அத்தீர்ப்பின் சிறப்பு.

6. திரையில் மறைந்த தோழி

தற்காலத் தமிழ்த் திரைப்படங்கள் மூன்றை இவ்வமைப்போடு ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) விபத்தால் நினைவிழந்து சிறுமியின் மனநிலைக்குத் திரும்பிய பெண்ணைக் காட்டுகிறது. அது பிறவி அறிவுசார் குறைபாடு அன்று. எனினும் வளர்ந்த உடலில் குழந்தை மனம் என்ற படிமத்தைத் தமிழ்ப் பார்வையாளரிடம் ஆழப் பதித்த படம் அதுவே. அந்நிலையில் இருக்கும்வரை அவளுக்கு வாழ்விடத்தைப் பற்றிய விருப்பம் இல்லை. காப்பவனின் அன்பே கதை. குணமடைந்ததும் அவள் பெற்றோருடன் தொடர்வண்டியில் செல்கிறாள். காத்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குறை இருந்தால் விருப்பம் இல்லை, விருப்பம் இருந்தால் குறை இல்லை என்பதே படத்தின் தருக்கம். இரண்டும் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ (1990) அறிவுத்திறன் குறைந்த குழந்தையைக் குடும்பம் மெல்ல ஏற்பதைக் காட்டி, அக்குழந்தையின் இறப்பில் முடிகிறது. அஞ்சலி வளர்ந்து இளம்பெண்ணாகியிருந்தால் என்ன விரும்பியிருப்பாள் என்னும் வினாவை இறப்பு தவிர்த்துவிடுகிறது. குடும்பத்தின் மனமாற்றமே படத்தின் நிகழ்ச்சி. குழந்தை அம்மாற்றத்திற்குக் கருவி.

ராம் இயக்கிய ‘பேரன்பு’ (2019இல் திரைக்கு வந்தது) இவற்றினும் துணிவானது. பெருமூளை வாதம் உடைய மகள் பாப்பா பருவமெய்துகிறாள். அவளுக்கும் உடல்வேட்கை உண்டு என்பதைத் தந்தை அமுதவன் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்த் திரையில் அரிதாகப் பேசப்பட்ட உண்மை இது. ஆயினும் கதையைச் சொல்பவர் தந்தை. இயல்களாகப் பகுக்கப்பட்ட படத்தில் ஒவ்வோர் இயலும் தந்தை அறிந்த ஓர் உண்மைக்குப் பெயர் சூட்டுகிறது. மகளுடன் கடலில் இறங்கும் முடிவையும் தந்தையே எடுக்கிறார். அம்முடிவில் மகளுக்குப் பங்கில்லை. திருநங்கையான மீரா அவர்களைக் காக்கிறார். குடும்பத்தால் விலக்கப்பட்ட ஒருவர் புதிய குடும்பத்தை அமைப்பது படத்தின் மிகச் சிறந்த கருத்து. மீரா தோழியாகக் கூடியவர்; ஆனால் படம் அவரைத் தந்தையின் துணையாகவே நிறுத்துகிறது. பாப்பாவின் உள்ளத்தை அறிந்து பிறருக்கு உரைக்கும் ஒருவர் இறுதிவரை வரவில்லை.

திருவாய்மொழியில் தாய் பேசும்போது மகளின் வினைகள் அக்கூற்றை மறுத்து நிற்கின்றன. அடுத்த பதிகத்திலோ வேறொரு பத்திலோ தோழியும் மகளும் பேசுகின்றனர். இப்படங்களில் காப்பவரின் பார்வையே கேமராவின் பார்வை. அதனை மறுக்கும் செயலோ குரலோ படத்திற்குள் இல்லை. காப்பவரின் தியாகம் பெரிதாகும் அளவிற்குக் காக்கப்படுபவரின் விருப்பம் சிறிதாகிறது.

7. முத்து யாருக்கு உரியது?

மரபைப் போற்றி இவ்வாய்வு நின்றுவிடலாகாது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய கலித்தொகை 9ஆம் பாடலில், மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு அந்தணர் ஆறுதல் கூறுகின்றனர். மலையில் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படாது, பூசுபவர்க்கே பயன்படும். நீரில் பிறந்த முத்து நீருக்குப் பயன்படாது, அணிபவர்க்கே பயன்படும். யாழில் பிறந்த இசையும் அத்தகையதே. உம் மகளும் அவ்வாறே. கொற்கை முத்தைக் கண்ட இக்கடற்கரைக்கு மிக நெருங்கிய உவமை இது. தாயின் உரிமையை மறுக்கும் வகையில் இது வலிமையானது. ஆனால் முத்து கடலின் கையிலிருந்து அணிபவர் கைக்கு மாறுகிறதே அன்றித் தனக்குத் தான் உரியதாவதில்லை. உடன்போக்கின் விடுதலை ஒரு காப்பிலிருந்து மற்றொரு காப்பிற்குச் செல்வதாக முடிகிறது. திருக்கோளூருக்கு நடந்தவளும் ஒரு தலைவனை நோக்கியே நடந்தாள்.

அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் நிலையில் இக்குறை கூர்மையடைகிறது. குடும்பத்தை விட்டால் கணவன், கணவன் இல்லையேல் காப்பகம் என்பவையே சமூகம் காட்டும் வழிகள். காப்பகம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையைச் சண்டிகரில் நிகழ்ந்த ஒரு வழக்கு உடைத்தது. பெற்றோரற்ற, இலேசான அறிவுத்திறன் குறைபாடுடைய இளம்பெண் அரசுக் காப்பகத்தில் இருக்கும்போதே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். 2009இல் உச்சநீதிமன்றம், சுசிதா ஸ்ரீவத்சவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்னும் வழக்கில், அவர் இசைவின்றிக் கருக்கலைப்பு கூடாது என்றும், மகப்பேறு பற்றிய தேர்வு அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தன்னுரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. காப்பாளர் நிலையில் இருந்த அரசு ‘அவர் அறியார்’ என்றது. நீதிமன்றம் அவர் விரும்புவது என்ன என்று கேட்டது.

தாயின் அச்சம் அடிப்படையற்றது என்று இவ்வழக்கு காட்டவில்லை. மாறாக, அச்சத்திற்குக் காரணமான கொடுமை மெய் என்றே காட்டுகிறது. ஆனால் அக்கொடுமை காவல் இல்லாத இடத்தில் நிகழவில்லை, காவலின் உள்ளேயே நிகழ்ந்தது. எனவே தனிவாழ்வா காவலா என்ற எதிர்நிலை போதுமானதன்று. அவள் சொல்வதைக் கேட்டு, அதை நம்பி, பிறர் முன் எடுத்துரைக்க யார் இருக்கிறார் என்பதே கேட்க வேண்டிய வினா. பராமரிப்பின் பெருஞ்சுமையைத் தனியே தாங்கும் தாயிடமே தோழியின் பணியையும் எதிர்பார்ப்பது நீதியாகாது. அகமரபு இரண்டையும் இருவேறு மாந்தரிடம் வைத்ததில் ஒரு தெளிவு இருந்தது.

8. தொகுப்புரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ் அகமரபில் தாயின் கூற்று மகளின் அறிவைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அன்று. மகளின் செயல், மகளின் குரல், தோழியின் உரை ஆகிய மூன்றும் அதனைச் சோதிக்கின்றன. இரண்டாவது, அறிவுத்திறன் குறைந்த பெண்ணைச் சித்திரிக்கும் தற்காலப் படைப்புகளில் இச்சோதனை நிகழ்வதில்லை. காப்பவரின் கூற்றே கதையின் உண்மையாகிவிடுகிறது. மூன்றாவது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும் உறவுமுறைக்குத் தமிழில் முன்வடிவம் உண்டு; அதன் பெயர் அறத்தொடு நிற்றல். அம்முன்வடிவமும் பெண்ணைப் பிறர்க்கு உரியவளாகவே முடித்ததால், அதனை அவ்வாறே ஏற்காமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

திறனாய்வாளருக்கு இதிலிருந்து ஒரு வாசிப்புமுறை கிடைக்கிறது. காப்பவர் கதைசொல்லியாக உள்ள எப்பனுவலிலும், காக்கப்படுபவரைக் குறிக்கும் பெயர்களை ஒருபுறமும் அவர் செய்யும் வினைகளை மறுபுறமும் வைத்து நோக்கலாம். இரண்டும் பொருந்தாத இடங்களில் அவருடைய விருப்பம் வெளிப்படும். இம்முறையைச் சிறுகதை, நாவல், தன்வரலாறு ஆகிய பிற வகைமைகளுக்கும் விரிக்க இயலும். அறிவுசார் குறைபாடுடையோர் தாமே கூறும் வாழ்க்கைக் கதைகளைத் தமிழில் தொகுப்பது அதனினும் இன்றியமையாத அடுத்த பணி.

திருக்கோளூருக்குச் சென்றவளைக் குறித்துத் தாய் பத்துப் பாசுரங்கள் பேசுகிறாள்; அப்பதிகத்திற்குள் மகள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அவள் எங்கே சென்றாள் என்பதில் அவ்வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ‘அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது’ என்று இன்று கூறும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்கத்தக்க வினா அதுவே: அவள் சென்றுவிட்டால், எங்கே சென்றிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் எனின், அவள் விருப்பம் உங்களுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.